மாட்டிட்டேன் அண்ணே

2016 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்திலிருந்து எங்கள் ஜோடி இரண்டாம் நாளே வெளியேறியது. கூர்கல் டயரைக் கிழித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். கல் கிழித்தது உண்மை. எந்த டயரைக் கிழித்தது என்பதை மட்டும் மறைத்தேன்.

கேப் எபிக்கில் இருவர் இருவராகத்தான் ஓட்ட வேண்டும். அந்த ஆண்டு எட்டு நாள், சுமார் 650 கிலோமீட்டர், 15,000 மீட்டர் ஏற்றம். ஜோடிக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒருவர் சைக்கிள் நின்றால் மற்றவரும் நின்றாக வேண்டும். என் ஜோடி என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அண்ணன் என்றே கூப்பிடுவேன். இதற்காக இரண்டு வருடம் பணம் சேர்த்தவர். அந்தப் பக்கத்துப் பாறை ஏடு ஏடாக உடைந்து விளிம்பு கத்திபோல நிற்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சைடுவாலில், அதாவது பக்கச் சுவரில், கூடுதல் துணி வைத்த டயரை இருவருக்கும் முடிவு செய்திருந்தார். ஒன்றின் எடை 760 கிராம்.

அவருக்குத் தெரியாமல் அதே டயரின் மெல்லிய வகையையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அது 600 கிராம். மேலே பூ ஒன்றுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோவையில் செம்மண் தடங்களில் அதை மாதக்கணக்கில் ஓட்டியும் ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை. கேப் டவுனில் அவர் பதிவு வேலையாக வெளியே போயிருந்த மதியம் இரண்டு சக்கரத்திலும் அதை மாட்டினேன். சாயங்காலம் வந்து, “அந்த டயரை மாட்டிட்டியா?” என்றார்.

“மாட்டிட்டேன் அண்ணே.”

ஏன் அப்படிச் செய்தேன்? பயிற்சியில் ஒவ்வொரு ஏற்றத்திலும் அவர்தான் முதலில் மேலே நிற்பார். ஒருமுறையாவது நான் முதலில் போய்ச் சேர்ந்து அவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது என் உடல் எடை 84 கிலோ. சக்கரத்தில் சில நூறு கிராம் குறைத்து அவரை முந்த முடியாது என்ற கணக்கு எனக்கும் தெரியும். என் எடைக்கு மெல்லிய சைடுவால் தாங்காது என்பதும் தெரியும். காற்றைக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டயர் நசுங்கும்; ஏற்றினால் கரட்டுத் தடத்தில் துள்ளும், பிடிப்பு போகும். நான் குறைத்தேன், 21 பி.எஸ்.ஐ.

இரண்டாம் நாள், துல்பா என்ற ஊர் அருகே ஒரு இறக்கத்தில் பின் டயர் கிழிந்தது. உடம்பின் பாரம் கூடுதலாக இறங்குவது பின் சக்கரத்தில்தான். டியூப் இல்லாத அந்த டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளை சீலன்ட் திரவம் பீய்ச்சி அடித்தது. தரையில் படும் பகுதியில் விழும் சின்ன ஓட்டையை சீலன்ட் தானே அடைத்துவிடும். சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் அங்கே விழும் கிழிசல் அடைபடாது. ஓட்டை அடைக்கும் பிளக்கைச் செருகிப் பார்த்தோம், நிற்கவில்லை.

அண்ணன் பையிலிருந்து இருபது ராண்ட் நோட்டை எடுத்து மடித்தார். அதைக் கிழிசலுக்கு உள்ளே அணை கொடுத்து, டியூப் போட்டு ஓட்டிவிடலாம் என்றார். “சக்கரத்தைக் கொடு” என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. டயரின் வகை சைடுவாலில் அச்சிட்டிருக்கும். அது அவர் கண்ணில் பட்டுவிடும். நானே மாட்டுகிறேன் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டியூப் போடுவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நம் ஊர் நெருஞ்சி முள் அங்கும் உண்டு. டயரில் ஏறிய முள்ளைச் சுற்றி சீலன்ட் அடைத்துக்கொள்வதால் காற்று இறங்காது, முள் உள்ளே இருப்பதே தெரியாது. டியூப் போடுமுன் உட்புறம் முழுக்க விரலால் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

“தடவிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

அவசரத்தில் பாதிதான் தடவியிருந்தேன். இரண்டு கிலோமீட்டரில் டியூப் இறங்கியது. அவர் தன்னுடையதைக் கொடுத்தார். அதையும் முள் குத்தியது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தண்ணீர் குடிக்க நின்றபோது, “கல்லு மேல என்ன கோபம், விடு” என்று அவர் என்னைத் தேற்றினார். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். நேர வரம்பு முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தோம்.

அன்று அவருக்குக் கால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. எட்டு நாளும் ஓட்டி முடித்திருப்பார். பிறகு அவர் அந்தப் பந்தயத்துக்குப் போகவே இல்லை. மகளின் கல்லூரிச் செலவு வந்துவிட்டது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ரெண்டு டயரும் சேர்த்து எவ்வளவு குறைஞ்சுது?” என்று கேட்டார்.

320 கிராம் என்றேன்.