பட்ஜெட் இருந்தது

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பயிற்சிப் பிரிவைக் கவனித்துவந்தேன். வருடாவருடம் நடக்கும் தொழில்நுட்ப விழாவுக்குப் பேச்சாளர்களை அழைப்பதும், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. பெயர் பெற்றவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தேன். வேலை தெரிந்தவர்களிடம் "பட்ஜெட் இல்லை" என்றேன். பட்ஜெட் இருந்தது. அதைப் போட்டவனே நான்தான்.

பிரபலமான ஒருவரை அழைப்பது எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அவரோடு நேரடியாகப் பேச முடியாது, ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் சொல்லும் தொகையிலேயே அவர்களுடைய கமிஷனும் அடக்கம். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்பது இந்தத் தொழிலில் சகஜம். ஒப்பந்தம் போடும்போது பாதிப் பணம், விழாவுக்கு முன்பே மீதி. விழா ரத்தானால் முன்பணம் திரும்பாது. கட்டணம் எட்டு லட்சம் என்றால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,44,000 ரூபாய். பின்னால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் பில் வந்ததும் கட்டியாக வேண்டும். பிசினஸ் கிளாஸ் டிக்கெட், ஐந்து நட்சத்திர ஓட்டலில் அறை, விமான நிலையத்துக்குக் கார், கூட வரும் உதவியாளருக்குத் தனி ஏற்பாடு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். மேடைத் திரையின் அளவும் காலர் மைக்கும்கூட ஒப்பந்தத்தில் இருக்கும்.

பேசுவதற்குப் பணம் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. 1868-லேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் சொற்பொழிவாளர்களுக்காக ஒரு ஏஜென்சி தொடங்கிவிட்டார். மார்க் ட்வைன் அதன் ஏற்பாட்டில்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நம் ஊரிலும் கதாகாலட்சேபம் செய்பவருக்கும் பட்டிமன்ற நடுவருக்கும் சன்மானம் பேசித்தானே அழைக்கிறோம்? பேச்சு ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை நான் ஆள் பார்த்துக் கொடுத்தேன். என் குற்றம் அதுதான்.

ஒரு வருடம் விழாவில் இரண்டு முக்கியமான உரைகள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச ஏஜென்சி மூலம் ஒரு பிரபலம். டேட்டாபேஸ் பழுதானால் மீட்பது எப்படி என்று பேச, சொந்தமாகக் கன்சல்டிங் செய்யும் ஒரு பெண் பொறியாளர். அவரிடம் போனில் தேதி, நேரம், தலைப்பு எல்லாம் பேசி முடித்தபின் அவர் தயங்கியபடி கேட்டார்: "சார், ரெமுனரேஷன் ஏதாவது உண்டா? அன்னைக்கு ஒரு கிளையன்ட் வேலையை விட்டுட்டு வரணும்."

"இந்த வருஷம் பட்ஜெட் ரொம்ப டைட் மேடம். ஆனா அவ்வளவு பேர் முன்னாடி பேசறீங்க, உங்களுக்கு நல்ல விசிபிலிட்டி கிடைக்கும்" என்றேன்.

அப்போது என் லேப்டாப்பில் விழாவின் எக்செல் ஷீட் திறந்திருந்தது. பிரபலத்தின் பெயருக்கு நேரே எட்டு லட்சம். பொக்கேவுக்கு ஒரு தொகை, போட்டோகிராபருக்கு ஒரு தொகை, தொகுப்பாளருக்கு ஒரு தொகை. இவர் பெயருக்கு நேரே 'சால்வை, மெமெண்டோ' என்று அடித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி சார், பண்ணிடலாம்" என்றார்.

இரண்டு நாளில் அவரிடமிருந்து மெயில் வந்தது. எந்த டேட்டாபேஸ் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது அந்த பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். மூன்றாவது கேள்விக்கு எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் பதில் இல்லை.

விழா அன்று மேடையிலேயே தன் லேப்டாப்பில் ஒரு டேபிளை அழித்துக் காட்டினார். முந்தின இரவு எடுத்த பேக்கப்பையும் அதற்குப் பின் பதிவான லாக் கோப்புகளையும் வைத்து, அழிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்த நிலைக்கே அதைக் கொண்டுவந்தார். "மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க" என்று சொல்லி முடித்தார். அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் தங்கள் பேக்கப்பைச் சோதனை சர்வரில் ஏற்றிப் பார்த்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. பல மாதங்களாக அது அரைகுறையாகத்தான் பதிவாகி வந்திருக்கிறது. உண்மையிலேயே சர்வர் விழுந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு நஷ்டமாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

பிரபலத்தின் உரைக்கும் கைதட்டல் பலமாக இருந்தது. எங்கள் தொழிலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெயருக்காக அழைத்தேன், பெயர் வந்தது.

ஏன் இப்படிச் செய்தேன்? பெரிய பெயர் இருந்தால் மேலிடம் உடனே கையெழுத்துப் போடும். பேச்சு சரியில்லாமல் போனாலும் என்னை யாரும் கேட்க மாட்டார்கள். பெயர் தெரியாதவருக்கு இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் "இவர் யார்?" என்று கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டிய சங்கடம் எனக்கு வரும். அதைத் தவிர்க்கத்தான் பொய் சொன்னேன். அந்தப் பொறியாளர் பேரில் மிச்சம் பிடித்ததை வருடக் கடைசி மதிப்பீட்டில் செலவுக் குறைப்பு என்று எழுதி நல்ல பெயரும் வாங்கினேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களும் உண்டு. டெட் (TED) மேடையில்கூடப் பேச்சாளருக்குப் பணம் தருவதில்லை என்பேன். உண்மைதான், ஆனால் அங்கே பயணச் செலவும் தங்கும் செலவும் தருகிறார்கள். நான் அந்தப் பொறியாளருக்கு ஆட்டோக் காசுகூடக் கொடுக்கவில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் மாதாமாதம் இலவசமாகத்தானே பேசுகிறார்கள் என்பேன். அங்கே கேட்க வருபவரும் காசு கொடுப்பதில்லை, நடத்துபவரும் சம்பாதிப்பதில்லை. நாங்கள் லாபத்துக்கு நடக்கும் கம்பெனி. தனியாளுக்குப் பணம் கொடுப்பது பெரிய தலைவலி என்றும் சொல்லியிருக்கிறேன். பான் எண், வங்கிக் கணக்கு விவரம் வாங்கி, தொகை வரம்பைத் தாண்டினால் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆண்டு வருமானம் இருபது லட்சத்துக்குள் இருக்கும் தனி ஆலோசகருக்கு ஜிஎஸ்டி பதிவுகூடத் தேவையில்லை.

இதைவிட வெட்கம் தருவது ஒன்று உண்டு. இப்படி நான் சும்மா பேச வைத்தவர்களில் பெண்களே அதிகம். மார்ச் 8-ம் தேதி மகளிர் தினக் கலந்துரையாடலுக்குப் பெண் பொறியாளர்களைத் தேடித் தேடி அழைப்பேன். பெண்களுக்குச் சம வாய்ப்பு, சம ஊதியம் என்று மேடையில் பேச வைப்பேன். அவர்களுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

அந்த வேலையை விட்ட பிறகு அந்தப் பொறியாளருக்குப் போன் செய்தேன். பட்ஜெட் இல்லை என்று அன்று சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள் என்றேன். "தெரியும் சார். இன்னொருத்தருக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னு அன்னைக்கே உங்க ஆளுங்க சொன்னாங்க" என்றார். தெரிந்தும் விழா முடிந்தபின் ஒரு மணி நேரம் நின்று, எங்கள் ஆட்கள் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நான் இருந்த இடத்தில் இன்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழைப்பு அனுப்பும் முதல் மெயிலிலேயே எவ்வளவு தருவீர்கள் என்று எழுதுங்கள். அவர்களைக் கேட்க வைக்காதீர்கள். உண்மையிலேயே பணம் இல்லையென்றால் அந்த மேடையில் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள். தொகை கூடக் குறைய இருக்கலாம், பூஜ்யமாக இருக்கக் கூடாது.