காரில் ஓர் அமானிதம்

கூத்தாநல்லூரில் கார்களுக்குக் குறைவில்லை. கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்ற பிள்ளைகள் வாங்கி நிறுத்திய கார்களில் மணமக்கள் ஏறிச் சென்றதைக் கண்டிருக்கிறேன்; ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்கள் ஏறிச் சென்றதையும் கண்டிருக்கிறேன். ஒரு நாய் ஏறிச் சென்றதை மட்டும் கண்டதில்லை. அந்தக் காட்சிக்கு நானே காரணமாவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பக்கத்து ஊரைச் சேர்ந்த என் நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனைவியை இழந்தபின் அவருக்கு ஒரு நாயே துணை. சில ஆண்டுகளுக்கு முன் திடீரென நோயுற்ற அவரைத் தஞ்சாவூரிலிருந்து வந்த மகள் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நாய் வாசலிலேயே கிடந்தது; நான்கு நாட்களாக உணவைத் தொடவில்லை. நண்பர் தொலைபேசியில் அழைத்தார்: “பாய், உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். எப்படியாவது அதை என்னிடம் சேர்த்துவிடுங்கள்.”

வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. “தொழப் போகிறவர் ஏறும் வண்டியில் நாயா?” என்றார் என் ராத்தா. “அதன் எச்சில் பட்டால் கழுவிக்கொள்ளலாம். நோயாளியின் சொல்லைத் தட்டினால் அதை எதைக் கொண்டு கழுவுவது?” என்றேன். குகைத் தோழர்களோடு அவர்களின் நாயையும் திருக்குர்ஆன் குறிப்பிடுவதை நினைவூட்டியதும் ராத்தா அமைதியானார்; பழைய சாக்கு ஒன்றை அவரே எடுத்துத் தந்தார்.

அது சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. முன்னிருக்கையில் சாக்கை விரித்து நாயை அமர்த்தி, மச்சானின் காரில் புறப்பட்டேன். கட்டவும் இல்லை, கூண்டில் அடைக்கவும் இல்லை. மன்னார்குடியைக் கடந்து வடுவூரை நெருங்குகையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே ஒலியெழுப்பியது. மிரண்ட நாய் ஒரே பாய்ச்சலில் என் மடிக்கு வந்தது. கண்ணை அதன் உடல் மறைத்தது. கை திருப்புச்சக்கரத்தில் நிலைக்கவில்லை. எப்படியோ பிரேக்கை மிதித்தேன். வாய்க்கால் கரையின் விளிம்பில் கார் நின்றது.

அதிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும், கற்கவில்லை. வழியில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு இறங்கினேன். வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுப் பூட்டினேன். தொழுகை முடிவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. சலாம் கொடுத்த உடனே ஒரு சிறுவன் ஓடிவந்து, “யார் கார்?” என்று கேட்டான். விரைந்து சென்று பார்த்தேன். நாய் நாக்குத் தொங்க, வாயில் நுரை தள்ள, எழ முடியாமல் கிடந்தது. ஒரு முதியவர் அதை வெளியே தூக்கிக் கிடத்தி, உடல் நனையத் தண்ணீர் ஊற்றினார். வெகுநேரம் கழித்து அது தலையை உயர்த்தியது.

“உங்கள் நாயா, தம்பி?”

“இல்லை, அத்தா. நண்பருடையது.”

“அப்படியென்றால் அமானிதம். அமானிதத்தைப் பூட்டி வைத்துவிட்டா தொழ வந்தீர்கள்?”

என்னிடம் விடை இல்லை.

ஊர் திரும்பியபின் வழக்கறிஞர் நண்பரிடமும் நூலகத்திலும் இதுபற்றித் தேடினேன். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற துன்பம் தரும் வகையில் எந்த விலங்கையும் வாகனத்தில் கொண்டுசெல்வதைக் குற்றம் என்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இச்சட்டத்திற்கு வித்து. முதற்குற்றத்திற்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அபராதம் சிறிது என்பதால் குற்றம் சிறிதாகிவிடுமா?

1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இன்னும் நுணுக்கமானவை. பயணத்திற்குத் தகுதியான உடல்நிலை உண்டென்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். பசியோடும் தாகத்தோடும் நாயை ஏற்றலாகாது. கோடையில் 4 மணி நேரத்திற்கு ஒருமுறையும், குளிர்காலத்தில் 6 மணி நேரத்திற்கு ஒருமுறையும் தண்ணீர் தர வேண்டும். நான்கு நாள் பட்டினி கிடந்த நாயை மருத்துவரிடம் காட்டாமல் ஏற்றியவன் நான்!

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 125ஆம் பிரிவில், ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாக எவரையும் அமர்த்தவோ எதையும் வைக்கவோ கூடாது என்கிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு நாயை வாரிலோ கூண்டிலோ தடுப்புக்குப் பின்னாலோ வைக்கச் சொல்கிறது. காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கட்டப்படாத நாய் தானும் மடியும். முன்னே இருப்பவரையும் தாக்கும்.

வெப்பத்தின் கணக்கும் அத்தகையதே. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூடிய காரில் காற்றே சூடேறி ஈரமும் மிகுந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. வெயிலில் நிற்கும் காரினுள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடிவிடும். இரண்டு விரல் இடைவெளி அதைத் தடுக்காது.

அன்று மாலை தஞ்சையில் நண்பரைக் கண்டதும் நாய் தள்ளாடியபடியே அவர் கட்டிலருகே சென்று படுத்தது. நடந்ததை மறைத்துவிட எண்ணினேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாயின் தலையை நெடுநேரம் தடவியபடி இருந்தார். பிறகு, “இப்போது தண்ணீர் குடித்ததா, பாய்?” என்று மட்டும் கேட்டார். கடிந்து பேசியிருந்தால் என் மனம் அவ்வளவு வருந்தியிருக்காது.

உடல் தேறி அவர் ஊர் திரும்பியபோது அழைத்துவரச் சென்றவனும் நானே. பின்னிருக்கையில் மார்வார் பூட்டி நாயை அமர்த்தினோம். மருத்துவரிடம் காட்டி, தண்ணீரும் கிண்ணமும் எடுத்துக்கொண்டோம். இறங்க நேர்ந்தபோதெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் அதனோடு இருந்தோம்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் வாகனம் ஓட்டுவீர்கள். உங்களை நம்பி ஏறும் உயிர் பேசத் தெரிந்ததாகவும் இருக்கலாம், பேசத் தெரியாததாகவும் இருக்கலாம். கதவைப் பூட்டுமுன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பாருங்கள்.