சூறாவளியும் மினி சூறாவளியும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு 'மினி சூறாவளி' பழகிப்போன தொடர். ஒரு கிராமத்தில் பலத்த காற்று வீசிப் பத்து வீடுகளின் கூரைத் தகடுகள் பறந்தால் போதும். மறுநாள் அங்கு 'மினி சூறாவளி' வீசியதாகச் செய்தி வந்துவிடும். பிரதேச நிருபர் அப்படித்தான் எழுதி அனுப்புவார். செய்தி மேசையில் அதனைக் 'கடுங்காற்று' என்று நான் திருத்தினால், "தலைப்பு எடுபடாது அண்ணை" என்பார்கள் இளைய சகாக்கள்.

கடலில் உருவாகும் தாழமுக்கம் வலுவடைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பில் சுழன்று, நாட்கணக்கில் நகர்வது சூறாவளி. இடிமுகிலின் அடியிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும் காற்று அதன் குட்டியன்று. பூனையைக் காட்டி யானைக்குட்டி என்பது எப்படிப் பொருந்தும்?

தமிழகத்தார் நமது சூறாவளியைப் 'புயல்' என்பர். அங்கே சூறாவளி பெரும்பாலும் அரசியல் தலைவர்களின் சுற்றுப்பயணத்தில்தான் வீசுகிறது!

'சூறை' என்பதற்குச் சுழல்காற்று என்றும் பொருள், கொள்ளை என்றும் பொருள். சூறையாடுதல் என்கிறோம் அல்லவா? வளி என்றால் காற்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கைத் தாக்கிய சூறாவளியை அறிந்தவர்களுக்கு இப்பொருளை அகராதி பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் சிறுவன். விடிந்தபோது எங்கள் தெருவில் எந்த வீடு யாருடையது என்று புரியவில்லை. அடையாளமாக நின்ற தென்னைகள் யாவும் விழுந்து கிடந்தன. மட்டக்களப்பில் முதியவர்கள் இன்றும் பிள்ளைகளின் வயதைச் 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்று கணக்கிடுவதைக் கேட்கலாம். எந்தச் சூறாவளி என்று எவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட சொல்லுக்கு 'மினி' ஒட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

புயலின் கதை வேறு. பழந்தமிழில் அது காற்றைக் குறித்த சொல்லன்று; முகிலையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் புயல், உழவன் எதிர்பார்த்திருக்கும் மழை. திருமாலைப் புயல்வண்ணன் என்பதும் கார்முகிலின் நிறத்தால்தான். பிற்காலத்தில் அச்சொல் காற்றின் பக்கம் சாய்ந்துவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது இந்தப் பழைய பொருள் அடிக்கடி என் நினைவுக்கு வந்தது. அதுவும் சூறாவளிதான். ஆனால் 600க்கும் அதிகமானோரைப் பலிகொண்டவை பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவும். சூறாவளி என்றதும் நம்மவர் கூரையைத்தான் பார்க்கிறார்கள். அந்நாட்களில் மலையகத்திலுள்ள என் பல்கலைக்கழக நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆசிரியர், விபரம் தெரிந்தவர்.

"இங்கே காற்றே இல்லை மச்சான், மழை மட்டுந்தான். சூறாவளி உங்கள் பக்கம்தான் வரும், நீ கவனமாயிரு" என்றார்.

அவருடைய வீட்டின் பின்புறம் செங்குத்தான மண்மேடு. காற்றை விடு, அந்த மேட்டைப் பார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போ என்று ஏறக்குறைய சண்டை பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் விடியுமுன் அவருடைய சமையலறை வரைக்கும் மண் வந்திருந்தது.