குப்பனூர் வழி

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று போய், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மலையின் கிழக்குப் பக்கத்தில் இன்னொரு சாலை இருக்கிறது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் சாலையில் குப்பனூர், அங்கிருந்து மேலேறி கொட்டச்சேடு, பிறகு ஏற்காடு. பெரிய சாலையில் பாறை உருண்டால்தான் இதன் பெயர் செய்தித்தாளில் வரும். பாறையை அப்புறப்படுத்தியதும் மறந்துபோகும். நான் வளர்ந்தது கொட்டச்சேட்டுப் பக்கம். எங்களுக்கு இது ஒன்றுதான் சாலை.

குப்பனூரில் நின்று பார்த்தால் வடக்கே மஞ்சவாடிக் கணவாய். 2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்ட வயல்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 277 கிலோமீட்டர், ஏறத்தாழ பத்தாயிரம் கோடி ரூபாய். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு மறுபடி வழிவிட்டது. ஊர்க்காரர்கள் அழுததும் கல்லைப் பிடுங்கியதும் எல்லோருக்கும் தெரியும். அப்போது எனக்கு உறுத்தியது வேறு. மலையடியில் குறுக்கே போக எட்டு வழி கேட்டவர்கள், அதே இடத்திலிருந்து மேலே போகும் ஒன்றரை வழிச் சாலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடிவாரக் காட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முட்புதர், வெயில், குரங்கு. கொஞ்சம் ஏறியதும் காதடைக்கும், காற்றில் ஈரம் தட்டும், சில்வர் ஓக் மரங்கள் தொடங்கும். எங்கள் பக்கம் வந்துவிட்டதென்று அர்த்தம்.

இங்கே வண்டியை நிறுத்தி ஒரு சிறுபாலத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய். அதன் மேல்வாயில் சில்வர் ஓக் இலைகள் பாய் போட்டதுபோல் படிந்திருக்கும். அந்த இலை லேசில் மக்காது. நடுவே சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் செருகியிருக்கும். மழைத் தண்ணீர் குழாய்க்குள் போக முடியாமல் சாலைமேல் ஏறி, தாரின் ஓரத்தை அரித்து, பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரின் அடி மண்ணைக் கரைக்கும். மேட்டுப் பக்கத்தில் யாராவது விடுதி கட்ட ஜேசிபி வைத்து மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தால் அந்த மண்ணும் சேர்ந்து இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இரண்டு சாலைகளிலுமே மண் சரிந்தது. இயற்கைச் சீற்றம் என்றார்கள். மழை இயற்கைதான். அடைத்துக் கிடந்த குழாயை இயற்கைக் கணக்கில் எழுத முடியாது. ஐப்பசிக்கு முன்னால் மண்வெட்டியோடு நாலு பேர் ஒரு வாரம் நடந்தாலே பாதிச் சேதத்தைத் தவிர்த்திருக்கலாம்.

இந்தச் சாலை எதற்காக இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது சேர்வராயன் திருவிழா. மே மாதம் வரும். மலையில் இருக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்தும் ஜனம் உச்சியில் இருக்கும் சேர்வராயன் குகைக்கோயிலுக்குப் போகும். கொட்டச்சேட்டிலிருந்து அப்போது லாரிதான். காப்பி மூட்டை ஏற்றுகிற லாரியில் வைக்கோல் பரப்பி, கிழவிகளை முதலில் தூக்கி உட்கார வைப்பார்கள். மூட்டை வாடை அதில் போகவே போகாது. என் ஆயா மிளகை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும், நேர்த்திக்கடன். ஏற்றத்தில் ஓரிடத்தில் லாரி திணறி நின்றுவிடும். "எறங்குங்க சாமி, பொம்பளைங்க மட்டும் இருக்கட்டும்" என்று டிரைவர் கத்துவார். பொம்பளைகள்தான் முதலில் குதிப்பார்கள். பையன்கள் நாங்கள் ஆளுக்கொரு கல்லோடு டயருக்குப் பின்னால் ஓடுவோம், லாரி ஒரு முழம் ஏறினால் கல்லை ஒரு முழம் நகர்த்துவோம். எதிரே ஜீப் வந்தால் அது பின்னால் போய் ஒதுங்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சட்டம். யாரும் அதற்குப் போர்டு வைக்கவில்லை.

உச்சிக்குப் போனதும் குனிந்துதான் குகைக்குள் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறதென்று ஆயா சொன்னதை நம்பி, சாமி கும்பிடாமல் இருட்டுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "கண்ணு, கையக் கூப்புடா" என்று தலையில் ஒரு தட்டு. வெளியே தேர் கிளம்பியிருக்கும். தூரத்தில் பாக்சைட் தோண்டிய செம்மண் காயங்கள் தெரியும். மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு அந்த மண்ணைச் சுமந்த லாரிகளுக்குச் சாலை எப்போதும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது விடிந்துவிடும். ஊருக்கு ஊர் ஆளை இறக்கி, பலாப்பழத்தை ஏற்றி, லாரி நின்று நின்று வரும்.

இப்போதும் மே மாதம் கூட்டம் வருகிறது, கோடை விழாவுக்கு. அந்த நாட்களில் கார்களை அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குகிறார்கள். நெரிசலுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் சந்தைக்குப் போய்விட்டு எதிரே ஏறி வருகிற எங்கள் பஸ்தான் ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நிற்கிறது. மலைச்சட்டம் கார்க்காரர்களுக்குத் தெரியவில்லை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. ஏற்காட்டுக்கும் ஒருநாள் அது வரும், வரட்டும். ஆனால் காரைக் கீழே விடு என்று சொல்லுமுன் கீழே பஸ் நிற்க வேண்டும். அயோத்தியாப்பட்டணத்தில் சேலம்–விருத்தாசலம் பாதையின் ரயில் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து குப்பனூர், கொட்டச்சேடு, ஏற்காடு, அடிவாரம், சேலம் என்று சின்ன பஸ்கள் வட்டமடித்தால் சுற்றுலாக்காரருக்கும் ஆகும், காப்பி பறிக்கிற பெண்ணுக்கும் ஆகும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் 25 கிலோமீட்டர் வரை தடம் தருகிறது, அதில் 65 சதவீதம் பஸ்ஸே போகாத தூரமாக இருக்க வேண்டும். சாலையை விட்டுத் தள்ளியிருக்கும் எங்கள் ஊர்களுக்கு அளவெடுத்த மாதிரியான விதி அது.

அந்தச் சின்ன பஸ்கள் மின்சாரத்தில் ஓடலாமே என்றால், மின்சார பஸ் மலைக்கு ஆகாது என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும், பிரேக் பழுக்கக் காய்வதும் குறையும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சார்ஜ் போடும் இடம் குப்பனூரில் இருக்க வேண்டும், ஏற்காட்டில் அல்ல. மேலே முழுக்க நிரப்பி இறக்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. 2024 ஏப்ரல் 30 அன்று பெரிய சாலையின் 13-வது வளைவில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதைப் பார்த்தவர்களுக்கு, மலை இறக்கம் என்ன விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

கொட்டச்சேட்டுக்கு மேலே காப்பித் தோட்டங்கள், சில வளைவுகள், பிறகு ஏற்காடு, ஒண்டிக்கடை ரவுண்டானா, ஹாரன் சத்தம். இங்கே கிடைக்காதது பார்க்கிங் மட்டும்தான். ரோப் கார் வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் மிளகு மூட்டை ஏற்ற விடுவார்களா, ராத்திரி பிரசவ வலி எடுத்தவளை இறக்குவார்களா என்பதை மட்டும் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடட்டும். சொல்ல முடியாவிட்டால், அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துச் சிறுபாலக் குழாய்களுக்குக் கொடுங்கள்.