அந்தோணியாரும் மீன்களும்

கச்சத்தீவுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 1974 ஒப்பந்தம், தேர்தல் மேடை, டிவி விவாதம். எனக்கு ஞாபகம் வருவது அங்கே இருக்கும் புனித அந்தோணியார் கோயில். ஆள் குடியில்லாத அந்தத் தீவுக்கு பிப்ரவரி, மார்ச் வாக்கில் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு கூட்டமும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் திருவிழாவுக்குப் போகும். திருப்பலி தமிழில் நடக்கும். இரண்டு கூட்டத்திலும் மீனவர்கள். கேட்கும் வரமும் ஒண்ணுதான்: கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பணும்.

திருவிழா முடிந்ததும் அதே கடலில் இவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். காரணம் ஒரு வலை.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால அந்த வலை எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம். விசைப்படகு இழுக்கும்போது இரண்டு பக்கப் பலகைகளும் தண்ணீரின் அழுத்தத்தால் விலகி வலையின் வாயைத் திறந்து வைக்கும். அடிக்கயிற்றுச் சங்கிலி கடல் தரையை உரசிக்கொண்டே போகும். இறாலோடு மீன்குஞ்சும் நண்டும் கடற்புல்லும் மடிக்குள் வந்து சேரும். விலை போகாததை ராமேஸ்வரத்தில் 'சங்காயம்' என்பார்கள். அதைக் காயவைத்து கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் தரைவரை இறங்குவதால் கடற்புல் வயல் மாதிரி வளரும். மீன்குஞ்சுகள் வளர்வதும் கடல்பசு மேய்வதும் அதில்தான். 2022-ல் தமிழக அரசு அங்கே 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசு காப்பகமாக அறிவித்தது. அந்தப் புல்லைத்தான் இழுவை மடி வேரோடு பிடுங்குது.

நம் பக்கம் மீன் குறையக் குறைய விசைப்படகுகள் எல்லை தாண்டின. போரினால் கடல் மறுக்கப்பட்டிருந்த இலங்கை வடக்கு மீனவர்கள் 2009-க்குப் பிறகு திரும்பி வந்து வலை போட்டார்கள். அந்த வலைகளை நம் இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போயின. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. நம்மவர்கள் கைதாகிறார்கள், படகுகள் பறிபோகின்றன, உயிர்களும் போயிருக்கின்றன.

இதில் கிறிஸ்தவம் எங்கே வருதுன்னு கேட்பீங்க. பூமியை ஆள மனிதனுக்கு உரிமை தந்த வசனத்தை நாங்க அடிக்கடி சொல்வோம். ஆனால் ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்திலேயே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அங்கே வைக்கப்படுகிறான். 'காக்க' என்பதற்கு எபிரெயத்தில் 'ஷாமர்'. தம்பியைக் கொன்ற காயீன், நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று கடவுளிடம் கேட்கிறானே, அங்கே வருவதும் அதே வேர்ச்சொல். மண்ணைக் காக்கவும் சகோதரனைக் காக்கவும் வேதத்தில் ஒரே சொல்தான். பாக் விரிகுடாவில் இது அப்படியே பொருந்துது. கடற்புல்லை வாரிய வலைதான் அக்கரைச் சகோதரனின் வலையையும் அறுத்தது. 2015-ல் போப் பிரான்சிஸ் எழுதிய 'லவ்தாத்தோ சீ' சுற்றுமடலும், பூமியின் துயரத்தையும் ஏழையின் துயரத்தையும் பிரித்துப் பார்க்காதீங்கன்னுதான் சொல்லுது.

சுற்றுச்சூழல் ஞாயிறுன்னு மரக்கன்று நடுறோம், பிளாஸ்டிக் வேண்டாம்னு போஸ்டர் ஒட்டுறோம். நல்லதுதான். ஆனால் இந்தக் கடற்கரையில் இழுவை மடியைப் பற்றிப் பேசாத பிரசங்கம் பாதிப் பிரசங்கம். பேசுறதும் சுலபமில்லை. படகு முதலாளியும், பங்குக்குப் போகும் கூலியும், நாட்டுப்படகுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்காங்க. மானியம் கொடுத்து விசைப்படகை வளர்த்தது அரசாங்கம்தான். இறாலை விரும்பிச் சாப்பிடுறது நாம. பழியை மட்டும் மீனவர் தலையில் போடலாமா? இழுவைப்படகை விட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாற 2017-ல் திட்டம் வந்தது. அப்போது படகு விலை 80 லட்சம். மானியம் போக மீதியைக் கடனாளி எங்கே தேடுவார்? குறைந்த செலவில், குறைந்த டீசலில் ஓடும் ஆழ்கடல் படகை வடிவமைப்பது நம்ம வேலைன்னு எனக்குத் தோணுது.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவதுன்னு தாங்களே வரம்பு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் 'சீகாலஜி' விருது கிடைத்தது. நிலத்துக்கு ஏழாம் ஆண்டு ஓய்வு கொடுக்கச் சொல்லும் வேதத்தை வைத்திருக்கும் நாங்க, அவர்களிடம்தான் அதைக் கத்துக்கணும்.

ஊரார் கேட்க மறுத்தபோது அந்தோணியார் கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பது மரபுக்கதை. அடுத்த திருவிழாவில், இரண்டு கரைக்காரர்களும் ஒரே மணலில் உட்கார்ந்திருக்கும்போதே, இந்த வலையைப் பற்றியும் பேச ஆரம்பிக்கட்டும். கதையைக் கேட்க மீனும் மிஞ்சணும் இல்லையா?