மீன் ஓடிப்போன தண்ணீர்

மீன் செத்து மிதந்தால் அது செய்தி. ஊரே கரையில் கூடும், பேப்பரில் போட்டோ வரும், அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் மீன் சாகாமல், சத்தம் போடாமல் அந்த இடத்தை விட்டே போய்விட்டால்? தூண்டில் போடுகிறவர் மட்டும் "இந்தப் பக்கம் கடிக்கவே மாட்டேங்குது" என்று முணுமுணுத்துவிட்டு இடம் மாறி உட்காருவார். உண்மையில் அதுதான் முதல் எச்சரிக்கை.

1913-லேயே அமெரிக்காவில் ஷெல்ஃபோர்டும் ஆல்லியும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீளமான ஒரு தொட்டி. இரண்டு முனையிலிருந்தும் வெவ்வேறு தண்ணீர் உள்ளே வரும், நடுவில் வடிந்துவிடும். மீன் எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டியதுதான். 1960-களில் கனடாவில் ஸ்ப்ரேக் என்பவர் இதே மாதிரித் தொட்டியில் இளம் சால்மன் மீன்களை விட்டார். லிட்டருக்கு 2.3 மைக்ரோகிராம் செம்பு கலந்திருந்தாலே அவை விலகிப் போயின. அதே மீனைக் கொல்வதற்கு ஏறக்குறைய 48 மைக்ரோகிராம் தேவை. அதாவது சாகிற அளவில் இருபதில் ஒரு பங்கு வந்தபோதே மீனுக்குத் தெரிந்துவிட்டது!

தொட்டியில் நடப்பது ஆற்றில் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. மிராமிச்சி ஆற்றில் சுரங்கக் கழிவிலிருந்து செம்பும் துத்தநாகமும் கலந்தன. அதற்கு முன், முட்டையிட மேலே ஏறும் சால்மன்களில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பாதியில் திரும்பியதில்லை. கழிவு கலந்த பிறகு பத்திலிருந்து இருபத்திரண்டு வரை திரும்பிவிட்டன. திரும்பிய மீன் சாகவில்லைதான். ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, முட்டையும் போடவில்லை.

இப்போது நம் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் கழிவுநீருக்கான பொது விதி, நீர்க்காத கழிவுநீரில் மீன்களை 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும் என்கிறது. பிழைத்ததா என்பதுதான் கேள்வி. வழி இருந்தால் ஓடியிருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் விஷயம் இன்னும் சிக்கல். பட்டாசு வேலை ஈரம் ஆகாத வேலை. சாயப்பட்டறை மாதிரிக் குழாய் வழியாகக் கழிவு கொட்டுவதில்லை. அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு எல்லாம் தூசியாகவும் கழிவு மருந்தாகவும் கரிசல் மண்ணில் கிடக்கும், ஐப்பசி மழை வந்தால் ஓடையில் கலக்கும். பச்சை வெளிச்சம் தரும் பேரியம் உப்புகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பெர்குளோரேட் வேறு ரகம். தண்ணீரில் நன்றாகக் கரையும், சீக்கிரம் அழியாது. தென் தமிழகப் பட்டாசுப் பகுதிகளின் நிலத்தடி நீரில் அது இருப்பதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தைராய்டுக்கு அயோடின் போய்ச் சேரவிடாமல் தடுக்கும் பொருள் அது. தலைப்பிரட்டை தவளையாக மாறுவதையே தாமதப்படுத்தும்.

ஆனால் மீனை ஒரேயடியாக நம்பவும் முடியாது. ஃபீனால் கலந்த தண்ணீருக்குள் மீன்கள் விலகாமல் நீந்திப் போனதைப் பழைய சோதனைகளே காட்டியிருக்கின்றன. செம்பு கொஞ்சம் கூடினால் மீனின் மோப்ப நரம்பையே கெடுத்துவிடும். அப்புறம் எதை மோந்து விலகுவது? காவல்காரனின் மூக்கையே திருடன் அறுத்த கதை.

போலந்தின் வார்சா நகரத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் எட்டு மட்டிகளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டில் காந்தம் ஒட்டியிருக்கும். தண்ணீர் கெட்டால் மட்டிகள் ஓட்டை மூடிக்கொள்ளும், உடனே அலாரம் அடிக்கும். ஓட முடியாத உயிர் செய்யக்கூடிய தப்பித்தல் அவ்வளவுதான்.

வைப்பாற்றிலும் அர்ச்சுனா நதியிலும் தண்ணீர் ஓடுவது மழைக்காலத்தில் சில வாரங்கள். மீன் விலகிப் போக வழி இருப்பதும் அப்போது மட்டுமே. சித்திரையில் கண்மாய் சுருங்கிக் குட்டையாகிவிடும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கெண்டைக்கு அந்த வசதியும் கிடையாது. தண்ணீர் எப்படி இருந்தாலும் அதிலேதான் கிடந்தாக வேண்டும்.