மலைச்சரிவும் மிதிவண்டியும்

சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்க்கு மிதிவண்டி புதிய பொருள் அன்று. நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் தொழில் நாடிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அதனை ஓட்டத் தெரியாதவர் அரியர். பள்ளிக்குச் செல்லவும், பால் கொண்டு கொடுக்கவும், சந்தைக்கு மூட்டை ஏற்றவும் அதனையே துணையாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் நாம். ஆயினும் சமவெளியில் கற்ற அப்பழக்கம் இவ்வெல்லையூர்களில் பாதித் துணையே ஆகும். அங்கே சைக்கிளுக்குப் பகை எதிர்க்காற்று ஒன்றே. இங்கே நிலமே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வண்டியை ஓட்டுவது எப்படி என்பது அங்கே கேள்வி. ஓடும் வண்டியை நிறுத்துவது எப்படி என்பது இங்கே கேள்வி. இவ்வேறுபாட்டை நம் இல்லத்தார் நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே இதனை எழுதுகிறோம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மண் இந்த எல்லையை அறியாது. களியக்காவிளையிலிருந்து வடகிழக்கே பனச்சமூடு, வெள்ளறடை என்று செல்லச் செல்ல, இருபுறமும் ஒரே செம்மண், ஒரே வெட்டுக்கல், ஒரே ரப்பர்த் தோட்டம். மேட்டில் வீடுகள்; பள்ளத்தில் ஏலா எனப்படும் பழைய வயல்கள். அவ்வயல்களில் இன்று வாழையும் மரவள்ளியும் மிகுதி. வீட்டிலிருந்து கடைக்குப் போக வேண்டுமாயின் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறியே தீர வேண்டும். நாம் சைக்கிளை மிதிக்கிறோம் என்போம். இவ்வூரார் சவிட்டுகிறோம் என்பர். பனச்சமூட்டுப் பக்கத்து ஏற்றம் ஒன்றில் அவர்கள் வண்டியைச் செலுத்துவதைக் கண்டவர், அச்சொல்லே பொருத்தம் என்று ஒப்புக்கொள்வர்.

இப்போது நம் பிள்ளைகள் கேட்பது பழைய கறுப்புச் சைக்கிள் அன்று. பருத்த டயரும் பல கியர்களும் உடைய மலை மிதிவண்டியையே கேட்கின்றனர். அதில் வியப்பில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நம் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியிலேயே நடைபெற்றது. பல நாட்டு வீரர்கள் அம்மலையில் ஏறியும் இறங்கியும் தம் திறம் காட்டினர். அச்செய்தியைப் படித்த நாள் முதல் எங்கள் இளைய மகன் வேறு பேச்சே பேசவில்லை. அவன் ஆசையைத் தடுக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. வருந்தி ஈட்டிய பணத்தை ஆராயாமல் செலவிடவும் துணிவு வரவில்லை. ஆகவே, நன்கு விசாரித்த பின்னரே வாங்குவது என்று வீட்டில் முடிவு செய்தோம்.

அம்முடிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற துலாமாத மழையின்போது எங்கள் அயல்வீட்டு மாணவன் ஒருவன் பள்ளியிலிருந்து திரும்புகையில், நீண்டதோர் இறக்கத்தில் வண்டியை நிறுத்த இயலாமல் போயிற்று. வண்டி பழையதன்று, வாங்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர், கண்ணைப் பறிக்கும் நிறம் எல்லாம் இருந்தன. பிரேக் கட்டைகளோ உள்ளிருக்கும் இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தன. இறக்கத்தின் அடியில் பேருந்துச் சாலை. பையன் அறிவுடையவன், சாலைக்குள் பாயாமல் பக்கத்து மரவள்ளித் தோட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தது. "இவ்வளவு பணம் சேர்த்து வண்டி வாங்கினோம், அக்கா. அந்தச் சின்னக் கட்டையை மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று அவன் தாயார் கண்ணீர் விட்டதை நாங்கள் மறக்கவில்லை.

இறக்கத்தின் வலிமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மூன்று மாடி வீட்டின் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர். அவ்வளவு உயரம் இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காமல் உருண்டால், காற்றும் உராய்வும் தடுக்காவிடின், அடியில் வண்டியின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டராக இருக்கும். காற்றும் உராய்வும் அதனைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சரிவுகள் பல 10 மீட்டரோடு முடிவதில்லை. அந்த வேகம் முழுவதையும் பிரேக்தான் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும்.

மலை மிதிவண்டி பிறந்த கதையும் இதனையே கூறுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த மரின் என்னும் மாவட்டத்தில், 1970களில் சில இளைஞர்கள் பருத்த டயருடைய பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து மலைப்பாதைகளில் இறங்கத் தொடங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் ஒரு போட்டி நடத்தினர். அப்பாதை ஏறத்தாழ 2 மைலில் 1300 அடி இறங்குவது. அவ்வண்டிகளில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் பிடிக்கும். ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் அதன் உள்ளிருந்த கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். மீண்டும் புதிய கிரீஸ் அடைத்தாக வேண்டும். அவ்வாறு மீண்டும் அடைப்பதைக் குறிக்கும் 'ரீபேக்' என்னும் சொல்லே அப்பாதைக்குப் பெயராயிற்று. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டம் அமைத்து வண்டி செய்தார். 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டும் இடம்பெற்றது. இன்று நம் பிள்ளைகள் விரும்பும் வண்டியின் முன்னோர், பிரேக் புகைந்ததைக் கண்டு திருத்தித் திருத்தி வளர்ந்தவர்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வண்டி வாங்குமுன், பல்லாண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் சொன்னது இது: "அண்ணாச்சி, ஏற்றத்தில் குறை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் குறை வந்தால் என்ன செய்வீர்கள்?" இவ்வொரு கேள்வியே எங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

முதலில் அளவு பார்த்தோம். வண்டியின் மேல்சட்டத்துக்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்போது, உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். நாளை வளர்வான் என்று பெரிய வண்டி வாங்கிக் கொடுப்பது சட்டைக்குப் பொருந்தலாம். சரிவில் கால் எட்டாத வண்டிக்குப் பொருந்தாது.

அடுத்து பிரேக். ரிம்மைப் பற்றும் கட்டை பிரேக் எளியது, மலிவானது, எந்தக் கடையிலும் பழுது பார்க்கக்கூடியது. ஆனால் ஈரத்தில் பற்றச் சற்று நேரம் எடுக்கும். டிஸ்க் பிரேக் மழையிலும் சேற்றிலும் மேலானது. இடவப்பாதி, துலாவருடம் என ஆண்டுக்கு இருமுறை மழை காணும் இவ்வூருக்கு, கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் ஏற்றது என்று கொண்டோம். எண்ணெயால் இயங்கும் வகை இன்னும் வலியது. விலையும் பழுதுச் செலவும் மிகுதி.

பின்னர் டயர். செம்மண் பாதைக்கு இரண்டு அங்குல அகலமும் தெளிவான கட்டைகளும் உடைய டயர் வேண்டும். மாற்று டயர் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 26 அங்குலம் என்று எழுதியவை எல்லாம் ஒன்றல்ல. மலை மிதிவண்டியின் 26 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 1 3/8 அங்குல அகலமுள்ள பழைய 26 அங்குல வகையில் அது 590. 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622. டயரின் பக்கவாட்டில் இவ்வெண் அச்சிட்டிருக்கும். அதனைக் குறித்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை.

கியரைப் பற்றியும் ஒரு சொல். எண்ணிக்கை அன்று முக்கியம். மிக இலேசான கியர் எவ்வளவு இலேசு என்பதே முக்கியம். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள பழைய சைக்கிள், பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். முன்னே 24, பின்னே 28 பல் உள்ள மலை மிதிவண்டி ஒன்றே முக்கால் மீட்டர்தான் ஓடும். அந்தச் சிறு ஓட்டமே ஏற்றத்தில் முழங்காலைக் காப்பது. மலிவான வண்டியின் பின் ஷாக் அப்சார்பரோ எடையைக் கூட்டுவதோடு, மிதிக்கும் வலிமையையும் விழுங்கிவிடுகிறது. அதனை விடுத்து, அப்பணத்தை நல்ல பிரேக்கிலும் டயரிலும் இட்டோம்.

பெட்டியில் வரவழைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அரைகுறையாகப் பூட்டிய வண்டியே வரும். இடப்பக்கப் பெடலின் மரை மறுபுறமாகச் சுழல்வது. வலப்பக்கத்தைப் போல முறுக்கினால் மரை கெட்டுவிடும். முன்கவையைப் பின்முன்னாகப் பூட்டியவரும் உண்டு. முதற்பூட்டலைக் கடைக்காரரிடமே விடுவது நலம்.

வாங்கிய பின் பேணுதல் வீட்டாரின் கடமை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் வண்டிக்கு உரியது. பிள்ளைகளின் தாயாரும் உடன் இருப்பார். முதலில் பிரேக். கைப்பிடியை இறுக்கினால், அது ஹேண்டில்பாரைத் தொடுமுன் வண்டி நிற்க வேண்டும். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்தால் மாற்றும் காலம் வந்தது எனக் கொள்க. கட்டையில் புதைந்த மணலை ஊசியால் நெருடி எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது ரிம்மை அரம்போல் தேய்க்கும். டிஸ்க் பிரேக்காயின், உராயும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுக. தட்டின்மேல் எண்ணெய்க் கை படுதல் கூடாது.

அடுத்து செயின். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் அழுக்கை நீக்கி, நன்கு உலர்ந்த பின், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி செயின் எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவோர் இவ்வூரில் பலர். அது தூசியைப் பற்றிப் பிசுபிசுப்பாகிவிடும். செயின் தேய்ந்ததா என அறிய வீட்டு அளவுகோலே போதும். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்குமேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டால் செயினை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பற்சக்கரங்களும் கெட்டு, செலவு பன்மடங்காகும். சக்கரம் கோணினால் கோட்டம் எடுப்பதும், பால்ரஸ் மாற்றுவதும் கடைக்காரர் கைத்திறன். அவற்றுக்குரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுப்போம்.

இனிப் பாதை. ரப்பர்த் தோட்டங்களின் நடைவழிகள் பழகுவதற்கு ஏற்றவை. ஆனால் அவை உடையவர் நிலம். முன்கூட்டியே இசைவு பெறுதல் வேண்டும். விடியலில் பால் வெட்டும் தொழிலாளர் மரத்துக்கு மரம் நடப்பர். அந்நேரத்தில் அங்கே விரைதல் தகாது. தை, மாசியில் உதிரும் ரப்பர் இலைகள் வேரையும் குழியையும் மறைத்துவிடும். விளவங்கோட்டை நோக்கி வரும் நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கரைவழி சமமானது, முதற்பயிற்சிக்கு நன்று. வெள்ளறடைக் குரிசுமலை பக்தர்கள் நடந்தேறும் இடம். திருப்பயணக் காலத்தில் அவ்வழி அவர்களுக்கே உரியது. நெய்யாறு வனவிலங்குக் காப்பகத்துள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது. பெருமழைக் காலத்தில் கிழக்கு மலைச்சரிவுகளை அறவே தவிர்க்க வேண்டும். 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் மழையால் சரிந்த மலைமண் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இப்பகுதி மக்கள் இன்னும் நினைவில் வைத்துள்ளனர்.

இறங்கும் முறையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் வேண்டும். சரிவு தொடங்குமுன்னரே இரு பிரேக்குகளையும் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, பெடல்களை நிலத்துக்கு இணையாக நிறுத்தி, இரு பிரேக்கையும் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்க வேண்டும். தலைக்கவசம் இன்றி வாசலைத் தாண்டலாகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

புதிய ஊருக்கு வந்தவர் அவ்வூரின் மொழியையும் பழக்கத்தையும் கற்றுக்கொள்வது போலவே, அதன் மேடுபள்ளத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் மலையேற விரும்புவது மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் அந்திப்பொழுதில் முழு உடலோடு வீடு திரும்புவது அதனினும் பெரிது. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், அன்பர்கள் தத்தம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பிரேக் கட்டையை ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாயின், நாங்கள் எழுதியதன் பயனை அடைந்தவர்கள் ஆவோம்.